அவள் பக்கத்து உறைபனி

இதை இதற்கு முன் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். உயரத்தில் பிராணவாயு குறைவு, மூளை அப்படித்தான் காட்டும் என்றார் ஒருவர். துக்கம் என்றார் இன்னொருவர். உயரமும் உண்மை. துக்கமும் உண்மை. ஆனால் எனக்கு நடந்தது அந்த இரண்டும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

என் மனைவி ஹம்சா 1995 ஜூன் மாதம் இறந்தாள். இருபத்தேழு வயது. வயிற்றில் புற்றுநோய். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தாள்.

அவளுக்கு என்ன நோய் என்று அவளிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். டாக்டர் தானே அவளிடம் பேசுவதாகச் சொன்னார். என் மாமனார் ராமானுஜம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் டாக்டர். தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீங்களும் மூஞ்சில காட்டிக்கப்படாது. குடல்ல புண்ணு. அவ்வளவுதான்.”

குடல் புண் என்றே சொன்னோம்.

அந்த வருஷம் செப்டம்பரில் லடாக் போக நாங்கள் இருவரும் பேர் கொடுத்திருந்தோம். என் ஆபீஸ் நண்பன் வேம்பு தி.நகரில் ஒரு மலையேற்றக் குழு வைத்திருந்தான். எட்டு நாள் நடை. வழியெல்லாம் புத்த மடங்கள். கடைசியில் ஒரு கணவாய். ஹம்சா பாண்டி பஜாரில் கனமான பூட்ஸ் வாங்கினாள். காலுக்குப் பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் வாங்கப் போவாள். கோயில் வாசலில் அவள் லேஸை அவிழ்த்து முடிப்பதற்குள் உள்ளே தீபாராதனை முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலும் தினமும் சாயங்காலம் அதே பேச்சுதான்.

“ஏன்னா, அந்தக் கணவாய் எவ்ளோ ஒசரம்னேள்?”

“பதினேழாயிரம் அடி.”

“அதுக்குள்ள எனக்குத் தேறிடுமோல்லியோ?”

“தேறிடும்.”

கடைசி வாரத்தில் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்போதும் தேறிடும் என்றேன்.

செப்டம்பரில் நான் மட்டும் போனேன். போக வேண்டும் என்று தோன்றவில்லை. வேண்டாம் என்றும் தோன்றவில்லை. வேம்பு என் பையைக் கட்டினான், ரயிலில் ஏற்றினான். ஏறினேன்.

நாங்கள் ஒன்பது பேர். வழிகாட்டி ஸ்டான்ஸின் லடாக்காரன். குதிரைகள் சாமான் சுமந்தன. ஒரு கூடாரத்துக்கு இரண்டு பேர். ஒற்றைப்படையில் நான் மிஞ்சினேன்.

“தனியா படுத்துப்பியா மச்சி?” என்றான் வேம்பு.

“படுத்துப்பேன்.”

மூன்றாம் நாள் ஒரு கிராமத்தில் டீ குடிக்க நின்றோம். உப்புப் போட்ட வெண்ணெய் டீ. வீட்டுக்காரம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். உள்ளறையிலிருந்து ஒரு குரல் மட்டும் ஒரே சீராக வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பிட்சு தரையில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். எதிரே ஆள் இல்லை. விரித்த சின்னப் படுக்கை மட்டும் இருந்தது.

வேம்புவுக்கு இந்தி நன்றாக வரும். ஸ்டான்ஸினிடம் விசாரித்துவிட்டு என் காதருகே வந்தான்.

“இந்த வீட்ல சாவு மச்சி. செத்தவங்களுக்குப் படிச்சுக் காட்றாராம்.”

“செத்தவங்களுக்கா?”

“நீ செத்துட்டே, இங்க நிக்காதே, கெளம்புன்னு. யாராவது சொல்லணுமாம். சொல்லலைன்னா அதுக்கே தெரியாதாம். மனுஷங்க பின்னாடியே சுத்திக்கினு கெடக்குமாம்.”

சிரிக்கப் போனவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கிராமத்தைத் தாண்டியதும் ஓடை. குறுக்கே இரண்டு மரக்கட்டைகள்தான் பாலம். ஆள் நடந்தால் அதிரும். கடைசியாக வந்தவன் நான். கரையில் ஸ்டான்ஸின் கை கொடுத்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டான். நான் இறங்கி இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தேன்.

கட்டை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. லேசாக. காலடி காலடியாக...

ஸ்டான்ஸின் நீட்டிய கையை மடக்கவில்லை. யாரோ வருவதற்குக் காத்திருப்பவன் போல நின்றான். பிறகு தன் கையையே பார்த்தான். அதைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வேகமாக முன்னால் போய்விட்டான்.

அன்று இரவு நல்ல குளிர். அந்தக் குளிரில் மூடிய கூடாரத்துக்குள் படுத்தால், விடும் மூச்சு மேலே துணியில் போய் உறைந்துவிடும். முகத்துக்கு நேர் மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாகப் படியும். காலையில் வெயில் பட்டதும் சொட்டும்.

என் நெற்றியில் சொட்டித்தான் விழித்தேன். மேலே என் உறைபனி.

பக்கத்தில் இன்னொன்று.

காலியாக இருந்த பக்கம். வெறும் பாய் மட்டும் விரித்திருந்த பக்கம். என்னுடையதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. ஹம்சா எப்போதும் தலையணையை விட்டு இறங்கிச் சுருண்டுதான் படுப்பாள்.

வேம்பு டீயோடு தலையை நீட்டினான். மேலே பார்த்தான்.

“இன்னா மச்சி, ரெண்டு கீது? ராத்திரி யாரு கெஸ்ட்டு?”

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ அசைந்தது. வந்திருக்கிறாள். தேறிடும் என்றேன், நம்பினாள், தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லையே. அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று பகல் முழுக்க மெதுவாக நடந்தேன். பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் வந்தது. நான் நின்றால் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. பக்கத்தில் இருந்தது பெரிதாகிக்கொண்டே வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்தக் கல்லிலும் குளிரிலும் எதுவும் தெரியாமல் அலைவாள். இரண்டையும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கணவாய்க்கு அடியில் கடைசி முகாம். மாலை ஆறரைக்கே இருட்டிவிட்டது. மற்றவர்கள் சமையல் கூடாரத்தில் சீட்டு ஆடினார்கள். ஸ்டவ் இரைச்சல் கேட்டது. வேம்புவின் சிரிப்பு கேட்டது. நான் படுக்கைப் பைக்குள் புகுந்து காலிப் பக்கம் பார்த்துப் படுத்தேன்.

ஏழு இருபதுக்குக் காற்று நின்றது.

மூச்சுச் சத்தம்.

என்னுடையதை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை...

டார்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எரிக்கவில்லை. எரித்தால் ஒன்றும் இருக்காதோ என்றுதான் பயந்தேன்.

“ஹம்சா.”

மூச்சு நின்றது. கேட்கிறாள்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது குடல் புண்ணு இல்ல. கேன்சர். எனக்கு மொதல்லயே தெரியும்.”

அமைதி.

“தேறிடும்னு சொன்னேன். தேறலை.”

அமைதி.

“ஜூன் மாசம் நீ போயிட்டே. நான்தான் கொள்ளி வெச்சேன். இங்க இருக்காதே. கெளம்பு.”

ஒரு கை என் கையைப் பிடித்தது.

சில்லென்று. சின்னதாக. நாலு மாதத்தில் அவள் கை அப்படி வற்றிப் போயிருந்தது.

இறுக்கிப் பிடித்தது.

அழுகை. வாயை மூடிக்கொண்டு அழும் அழுகை.

தடவிக் கொடுத்தேன். “ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல...”

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

சர்ர்ர்ர்...

கூடாரத்தின் ஜிப்.

குளிர் உள்ளே வந்தது. வெளியே சரளைக்கல். நாலடி. நின்றது. பிறகு நாலடி. பிறகு இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டான்ஸின் வந்தான். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தான். மூடிவிட்டுப் போனான்.

காலையில் ஓர் உறைபனிதான் இருந்தது. என்னுடையது.

கணவாய் மேல் நின்று அழுதேன். வேம்பு ஒரு புளிப்பு மிட்டாயைப் பிரித்து என் வாயில் போட்டான். “ஊதுடா, மூச்ச நல்லா இழுத்து ஊது” என்றான்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு நன்றாகத் தூங்கினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவளும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்த நிம்மதி நவம்பர் வரை இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் மழைக்கு அடையாறு டிப்போவில் ஒதுங்கி நின்றேன். “ஹம்சா வூட்டுக்காரர்தானே?” என்று ஒரு குரல். அஃப்சருன்னிசா. ஆஸ்பத்திரியில் ஹம்சாவுக்கு அடுத்த படுக்கையில் இருந்தவர். பிழைத்துவிட்டார். செக்கப்புக்கு வந்திருந்தார்.

“மலைக்குப் போனீங்களா தம்பி?”

“போனேன்.”

“நல்லதாப் போச்சு. அவங்களுக்கு அதான் ஆசை.”

“கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியலை” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“இன்னா தெரியலை?”

“கேன்சர்னு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“யாரு சொன்னது? வந்த மொத வாரமே டாக்டரக் கேட்டுத் தெரிஞ்சிக்கினாங்க. ராத்திரில எங்கிட்ட அதத்தான் பேசுவாங்க. ஒங்க கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க.”

“தினமும் மலையப் பத்திக் கேட்டாளே... தேறிடுமான்னு...”

“அது ஒங்களுக்காவ தம்பி. அதப் பேசறப்பதான் ஒங்க மூஞ்சி நல்லா இருக்குமாம். ‘நான் எங்கே மாமி மலைக்குப் போகப் போறேன், அவராவது போகட்டும்’பாங்க.” முந்தானையால் முகத்து மழைநீரைத் துடைத்தார். “போற அன்னிக்கி விடியக்காலைல என்னைப் பாத்து ‘போறேன் மாமி’ன்னாங்க. குரலே இல்ல. ‘போய்ட்டு வரேன்னு சொல்லும்மா’ன்னேன். இல்லன்னு தலைய ஆட்டினாங்க. அவ்ளோ தெளிவு அந்தப் பொண்ணுக்கு.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மழை விட்டது தெரியவில்லை.

ஹம்சாவுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. எல்லாம் தெரிந்து, சொல்லிக்கொண்டு போனவள். மலைக்கு வரமாட்டேன் என்றாள்.

அவள் வரவில்லை.

அந்தக் கூடாரத்தில் படுத்திருந்தது வேறு யாரோ. தான் செத்தது தெரியாத யாரோ. அந்த யாரோவிடம் அதை நான் சொன்னேன். அதற்குப் புரியாத தமிழில், அதனுடையதல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு.

ஆனாலும் அதற்குப் புரிந்தது.

ஹம்சாவின் கை எவ்வளவு வற்றினாலும் விரல்கள் நீளம். நான் அன்று பிடித்திருந்தது இன்னும் வளராத கை.