உடம்பில் ஒட்டாத நீச்சலுடை

எண்பதுகளின் நடுவில் சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இருந்தோம். நான் வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்தேன். முதுகுவலிக்குத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யும்படி டொக்டர் சொன்னார். கடையில், உடம்பில் ஒட்டக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில், இடுப்பில் மடிப்பு வைத்த பெரிய அளவு நீச்சலுடையைப் போட்டுப் பார்க்காமலே வாங்கினேன்.

கூட வேலை செய்த சாந்தியக்கா நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனார். எனக்கு நீந்தத் தெரியாது. கரைக் கம்பியைப் பிடித்தபடி நடந்தேன். ஆழம் கூடக் கூட, உடைக்குள் தண்ணீர் புகுந்து ஊதி, தோள்பட்டிகள் இரண்டும் நழுவின. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் நெஞ்சை மூடினேன். கால் நிலத்தில் முட்டவில்லை. மூழ்கும்போதும் கைகளை எடுக்கவில்லை. பயம்கூட வரவில்லை.

அக்காதான் இழுத்துக் கரையேற்றினார்.

"ஆராவது பாத்தவையோ?" என்று கேட்டேன்.

"உயிர் போகப் பாத்தது, நீ சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி!" என்று அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டில் கணவர், "எப்பிடி இருந்தது?" என்றார்.

"தண்ணி இளஞ்சூடு" என்றேன்.

இப்போது கடையிலேயே போட்டு, கைகளை உயர்த்தி, குனிந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். பயிற்சிக்கு, உடம்போடு பொருந்தி, முதுகில் பட்டிகள் குறுக்காகப் போகும் உடை. தளர்வானது ஏரிக்கரையில் பிள்ளைகளோடு கால் நனைக்கப் போதும். குளத்துக்குப் புதிதாக வரும் பெண்களுடன் நானே கடைக்குப் போகிறேன். தண்ணீரில் இறங்குமுன் அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: "எது கழண்டாலும் கழரட்டும், கம்பியை விடாதேங்கோ."