சத்தம் வராத வைத்தியம்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் சத்தம் வந்தால்தான் வைத்தியம் ஆன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மர்பி டவுன் முனையில் இருக்கும் சலூனுக்குப் போவார். ஷேவிங் முடிந்ததும் கடைக்காரர் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டுவார். பிறகு ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பின்னந்தலையிலும் கொடுத்து வலப்பக்கம் ஒரு திருப்பு, இடப்பக்கம் ஒரு திருப்பு. மடக், மடக். வீட்டுக்கு வந்து, இப்போதுதான் தலை தலையாக இருக்கிறது என்பார். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆம்பிளைகள் அப்படித்தான். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு ஒரு காலையில் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. கவனம் எங்கே என்று கத்தினேன். மறுபடி ஒரு நாள் நழுவியது. சட்டைப் பித்தானைப் போட முடியாமல் அவர் கண்ணாடி முன்னால் நின்றார், நான்தான் போட்டுவிட்டேன். அல்சூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். விரல் மரத்துப்போன கையோடு சுற்றுகிற மெஷின் முன்னால் நிற்கிறாரே, கை உள்ளே போனால் தெரியவாவது தெரியுமா? தினமும் சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் விரல்களைத்தான் பார்ப்பேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி காக்ஸ் டவுன். அங்கே ஒரு பழைய வீட்டின் முன்னறையில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் ஆஸ்டியோபதி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டபோது, எங்கள் சூப்பர்வைசரம்மா அங்கேதான் அனுப்பினார். எலும்பை உடைத்துவிட்டு மறுபடி ஒட்ட வைப்பார்களாம் என்று பக்கத்து மெஷின்காரி கிளப்பிவிட்டாள். அன்றைக்கு நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் படியேறினேன்.

உடைக்கவெல்லாம் இல்லை. முதல் நாள் பாதி நேரம் கேள்விதான். எந்தக் காலால் பெடலை மிதிக்கிறாய், எப்படிப் படுக்கிறாய், பிரசவம் எப்படி, எப்போதாவது விழுந்தாயா, ஒண்ணுக்கு ஒழுங்காகப் போகிறதா. இதெல்லாம் இந்த ஆளுக்கு எதற்கு என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டாக்டர் என்று கூப்பிட்டால், தான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை என்று சிரித்தார். எலும்பு, தசை, மூட்டு எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன, ஓர் இடம் இறுகினால் அதன் வேலையையும் சேர்த்து இன்னோர் இடம் இழுக்கிறது, அதைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்து இளக்கிவிடுவதுதான் தன் தொழில் என்றார். எல்லா வலியும் தன்னிடம் தீராது என்பதையும் அவரே சொன்னார். தன் மனைவியை அறையிலேயே உட்கார வைத்துக்கொண்டார். எங்கே தொடப்போகிறார் என்று முன்னாலேயே சொல்லி, சரியா என்று கேட்டு, அப்புறம்தான் தொட்டார். வேண்டாம் என்றால் எந்த நிமிஷத்திலும் நிறுத்திவிடுவாராம். இடுப்பு வலி என்று போனவளுக்குத் தொடையையும் விலாவையும் மெதுவாக அழுத்தி நீட்டினார். சத்தமே இல்லை. மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது, அதுவும் அவர் முன்கூட்டிச் சொன்னதுதான். நாலைந்து தடவை போன பிறகு ஷிப்ட் முழுக்க உட்கார முடிந்தது.

அந்த நம்பிக்கையில்தான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். அதே மாதிரி கேள்விகள். பிறகு கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். மோதிர விரலைத் தொட்டால் இவர் நடுவிரல் என்றார், சுண்டு விரலைத் தொட்டபோது எதுவுமே சொல்லவில்லை. தரையில் மொசைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னால் குடித்தவர் போலத் தள்ளாடினார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டியதும் கால் எகிறி மேஜையை உதைத்தது. காக்ஸ் டவுன்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சார், இன்னைக்கு உங்க கழுத்தை நான் தொட மாட்டேன்" என்றார். "உள்ளே தண்டுவடத்தை ஏதோ அமுக்குற மாதிரி இருக்கு. ஸ்கேன் எடுத்து நரம்பு சர்ஜன் பார்க்கணும். அது வரைக்கும் யாரும் கழுத்தைத் திருப்பவே கூடாது. திருப்பினா கை, கால் ரெண்டுமே போயிடலாம்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டுத் திங்கட்கிழமைக்கு ஏற்பாடு செய்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது இவர் பொரிந்து தள்ளினார். அந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை, பயந்துவிட்டான், தட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவதற்கு வெளிநாடு போய்ப் படிக்க வேண்டுமா என்று. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். யாரும் என்றால் சலூன்காரரும் சேர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை நான் அல்சூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு சாத்தியிருந்தது. கொடியில் அவர் சலூனுக்கு எடுத்துப்போகும் துண்டு இல்லை. பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு வழியில் எங்கேயோ கழன்றது. ஓடும்போதே காதில் மடக் மடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, பாவி மனுஷன், பாவி மனுஷன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

எங்கள் தெருப் பெண்கள் சலூன் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டோம். நான் நேராக உள்ளே போனேன். இவர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். எண்ணெய் வழிந்த தலை. கடைக்காரரின் ஒரு கை தாடையில், ஒரு கை பின்னந்தலையில்.

"விடுங்கண்ணா" என்றேன். "அவரு கழுத்தை விட்டுடுங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

கடைக்காரர் சூடு பட்டது போலக் கையை எடுத்தார். பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பொம்பளை வந்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்ற கோபத்தில் விருட்டென்று எழுந்தார். எழுந்தவர் ஓர் அடிகூட வைக்கவில்லை. வலது கால் மடங்கி, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையைப் பிடித்தார். பிடித்த கையும் நழுவியது. கடைக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம். என் காதுக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காலு எங்க இருக்குன்னே தெரியலடி."

கல்யாணம் ஆன நாள் முதல் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கடைக்காரர்தான் ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வரை கூடவே உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் பார்த்துப் பார்த்து அழுதார்.

கழுத்துச் சவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது என்று ஸ்கேனைப் பார்த்த சர்ஜன் சொன்னார். சலூன்தான் காரணமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, ஆனால் இன்னொரு தடவை திருப்பியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டுவிட்டார். ஆபரேஷன் ஆனது. நசுங்கியதில் எவ்வளவு திரும்பி வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

கால் வந்தது. மெதுவாக வந்தது, ஆனாலும் வந்தது. சில மாதம் கழித்து, சர்ஜன் சரி என்ற பிறகு, மறுபடி காக்ஸ் டவுன் போனோம். அங்கே அவர் இவருடைய தோளையும் முதுகையும் விலாவையும் மட்டும் இளக்கிவிட்டார், கழுத்துப் பக்கம் போகவே இல்லை. இவர் குழந்தை மாதிரிப் படுத்திருந்தார். சத்தம் எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கிளம்பும்போது காக்ஸ் டவுன்காரர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் கண்ணை மூடச் சொல்லி விரல்களைத் தொட வேண்டும், எந்த விரல் என்று இவர் சொல்ல வேண்டும். சில நரம்பு இப்படித்தான் பாதை கண்டுபிடிக்கும், சிலது கண்டுபிடிக்காமலும் போகலாம் என்றார்.

பட்டறையில் அவருக்காக லேத்தை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். எல்லா விரலும் சரியாகச் சொன்ன மறுநாளே வேலைக்குப் போவது என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு எதிரில் உட்காருவேன். கட்டை விரல் என்பார், சரி. ஆள்காட்டி, சரி. நடுவிரல், சரி. மோதிர விரலுக்கு வந்தபோது ஒரு நாள் சரியாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார்.

"அடுத்தது தொடுடி, சீக்கிரம்" என்றார்.

அவருடைய சுண்டு விரலை நான் அதற்கு முன்னாலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"இருங்க" என்றேன். "இன்னும் தொடல."