ஹேவ், ஹேட், கொஞ்சம் 'லா'

ஆங்கில வகுப்பு நடத்துகிறவளிடம் யாரும் ஆங்கிலம் கேட்டு வருவதில்லை, "டீச்சர், இதுக்கு இ.டி. போடணுமா, வேணாமா?" என்று கேட்டுத்தான் வருகிறார்கள்.

மலாய் பேசும் எங்கள் ஊரில், டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில், ஞாயிறு காலையில் என் வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். பள்ளியில் ஆங்கிலத்தை எப்படியோ தாண்டி வந்துவிட்டார்கள். வேலையிடத்தில் அது மறுபடியும் வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. 'ஹேவ் பீன்' என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் உட்காருங்கள், நீங்களும் நம் ஆள்தான்.

போனவன், போகிறவன்

காதர் அண்ணே சூலியா தெருவில் நாசி கண்டார் கடை, அதாவது சோற்றின்மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தருகிற சாப்பாட்டுக் கடை, வைத்திருக்கிறார். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களோடு கூச்சமில்லாமல் பேசுவார். ஆனால் அவர் தட்டில் ஊற்றும் நாலு வகைக் குழம்பு மாதிரி, அவர் பேச்சிலும் நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். "யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்பார். "கோ இல்லண்ணே, வென்ட்" என்று திருத்துவேன். அடுத்த வாக்கியத்தில் "டுமாரோ ஐ வென்ட்" என்பார்.

ஒரு நாள் விடுவதில்லை என்று, பலகையில் கோ, வென்ட், கான் மூன்றையும் எழுதி, அம்புக்குறி போட்டு, தொண்டை வறளும்வரை விளக்கினேன். காதர் அண்ணே கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பலகையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். மலாயில் 'போ' என்பதற்கு 'பெர்கி' என்ற ஒரே சொல்தான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

"டீச்சர், மலாய்ல நேத்துப் போனாலும் பெர்கி, நாளைக்குப் போனாலும் பெர்கி. அவங்க யாரும் வழி தவறிப் போயிடலையே."

இறந்தகாலம்

பரமேஸ்வரி அக்கா ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறார். வகுப்பில் சேர்ந்த புதிது. அன்றைய பயிற்சி, வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி இறந்தகாலத்தில் சில வாக்கியம் பேச வேண்டும். அக்கா எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்: "மை ஹஸ்பண்ட் வாஸ் எ குட் மேன். ஹி வாஸ் எ லாரி டிரைவர். ஹி லவ்ட் ஃபிஷ் கறி. எவ்ரி சண்டே ஹி டேக்ட் மீ டு த பீச்."

 'டேக்ட்' இல்லை, 'டுக்' என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்த கணேசன், துறைமுகப் பக்கம் கிரேன் ஓட்டுகிற தம்பி, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அக்கா குடித்துவிட்டு "தேங்க் யூ" என்றார். வகுப்பு முடிந்ததும் காதர் அண்ணே கடைக்குப் போன் போட்டு, ஆட்டுக்கறியோடு ஒரு பெரிய பொட்டலம் வரவழைத்து, "இன்னைக்கு வீட்டுல அடுப்புப் பத்த வைக்காதீங்கக்கா" என்று கையில் கொடுத்தார். அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. நல்ல மனுசர் என்று நினைத்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, அக்கா வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "இவருதான் எங்க வீட்டுக்காரரு" என்றார் அக்கா. காதர் அண்ணே நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "நீங்கதானே டீச்சர் எல்லாத்தையும் பாஸ்ட் டென்ஸ்ல சொல்லச் சொன்னீங்க?" என்று அக்கா என்னைப் பார்த்தார். விஷயத்தை நான் தயங்கித் தயங்கி விளக்க, வீட்டுக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டுக் கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

"நான் 'வாஸ்' ஆனது எனக்கே தெரியாது டீச்சர். ஆனா கறி நல்லா இருந்துச்சு."

கட், கட், கட்

வினைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி முகம் சுளிப்பார்கள். கேட்ச், காட். டீச், டாட். அப்படியானால் வாட்ச் ஏன் மாறவில்லை என்று கேட்டால் நான் பலகையைத் துடைக்கப் போய்விடுவேன். அப்படி இருக்கும்போது ஒரு நாள் கட், புட், ஹிட் என்ற பக்கத்துக்கு வந்தோம். மூன்று கட்டத்திலும் ஒரே சொல். வகுப்பில் தீபாவளி வந்த மாதிரி ஒரு சந்தோஷம். கணேசன் மூன்று தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். காதர் அண்ணே மட்டும் யோசனையில் இருந்தார்.

"நேத்தும் ஒரே பேச்சு, இன்னைக்கும் ஒரே பேச்சு. மனுசங்கள்லகூட இப்படிக் கிடைக்காது டீச்சர்."

மேற்பார்வையாளர் பரமேஸ்வரி

அக்காவின் ஹோட்டலில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியானது. அக்கா விண்ணப்பித்தார். நேர்காணல் ஆங்கிலத்தில். எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள் என்று அந்த ஒரு பதிலை நான் செதுக்கிக் கொடுத்தேன்: "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் நைன் இயர்ஸ்." மெத்தைக்கு விரிப்பு மாற்றும்போதும், குளியலறை தேய்க்கும்போதும் அக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மேனேஜர் புதிதாக வந்த சீனர். எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். அக்காவும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். மேனேஜர் காதில் 'வொர்க்ட்' மட்டும் விழுந்திருக்கிறது. "ஓ, ஃபினிஷ் ஆல்ரெடி? நவ் வொர்க் வேர்?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்கு வியர்த்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் மறந்துபோய், இங்கே எல்லாரும் பேச்சோடு ஒட்டிக்கொள்கிற 'லா'வைப் போட்டு, "நோ லா பாஸ், ஸ்டில் வொர்க்கிங் லா. எவ்ரி ரூம் ஐ நோ" என்றிருக்கிறார். மேனேஜர் சிரித்துவிட்டாராம். அப்புறம் எந்த அறையில் குழாய் ஒழுகுகிறது, எந்த அறையில் ஜன்னல் சாத்தாது என்று இருவரும் நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். வேலை அக்காவுக்குத்தான். லட்டு டப்பாவோடு வந்து முதல் லட்டை எனக்குத்தான் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க கிராமர் என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்துச்சு, 'லா'தான் பிடிச்சு நிறுத்துச்சு."

கிழிந்தது, கிழிந்திருந்தது

கணேசன் ஒரு ஞாயிறு சிரிக்காமல் வந்து உட்கார்ந்தான். கிரேனில் தூக்கிய பெட்டி ஒன்று, கட்டியிருந்த பெல்ட் கிழிந்து கீழே விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. உள்ளே இருந்த சாமான் நொறுங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை விசாரணை, ஆங்கிலத்தில். வீட்டில் குழந்தை பிறந்து மாதம்கூட ஆகவில்லை.

"என்ன சொல்லப் போறீங்க தம்பி?" என்று கேட்டேன். "வென் ஐ லிஃப்ட், பெல்ட் டோர்ன்" என்றான். அவன் வெடுக்கென்று இழுத்ததால்தான் கிழிந்தது என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார். "நீங்க தூக்கும்போது கிழிஞ்சுதா, இல்ல முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சா?" என்றேன். "முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சு டீச்சர். கீழ பெல்ட் மாட்டுன ரெண்டு பேரும் பார்த்திருக்காங்க. மேல கேபின்ல இருக்கற எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அந்த 'இருந்துச்சு'க்கு ஆங்கிலத்தில் 'ஹேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. இத்தனை நாளும் இது எதற்கு என்று எல்லாரும் என்னைக் கேட்ட சொல்.

அன்று வேறு பாடம் இல்லை. காதர் அண்ணே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்து மிரட்டினார். பரமேஸ்வரி அக்கா இடையிடையே புகுந்து குழப்பினார். கணேசன் எந்தப் பக்கம் தள்ளினாலும் "த பெல்ட் ஹேட் டோர்ன் பிஃபோர் ஐ லிஃப்டட் த பாக்ஸ்" என்றே நின்றான். செவ்வாய் முழுக்கப் போனை என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மத்தியானம் அடித்தது, கணேசன்தான். "பிஃபோர்? ஆர் யூ ஷூர்?" என்று அங்கேயும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். இவன் அசையவில்லை. பிறகு கீழே நின்ற இருவரையும் கூப்பிட்டு விசாரிக்க, அவர்களும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கணேசன்மேல் தப்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்துதான் பேசுகிறான்.

"டீச்சர், அந்த ஒரு 'ஹேட்'டால என் வேலை இன்னும் 'ஹேவ்'லயே இருக்கு."

ஆங்கிலத்தின் பன்னிரண்டு காலங்களையும் கற்றுத் தருகிறவள் என்று எனக்குப் பெயர்தான். எது யாருக்குக் கைகொடுக்கும், எது காலை வாரிவிடும் என்பது மட்டும் எந்தக் காலத்திலும் எனக்குப் பிடிபட்டதில்லை.