யதிராஜன் சாருக்குத் தெரிந்தவர்கள்

‘சிறந்த’ என்ற சொல்லை யதிராஜன் சிவப்புப் பென்சிலால் அடித்தார். அடுத்த வரியில் ‘அயராத’ இருந்தது. அதையும் அடித்தார். ‘அர்ப்பணிப்பு’ வந்தபோது பென்சிலைக் கொஞ்சம் சீவிக்கொண்டார்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரவீன்ராஜ், தன்னைப் பற்றித் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்த நற்சான்று மெலிந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் பெயரும் தேதியும் மிஞ்சின.

“இதுக்கு மேல யார் பேரை வேணாலும் போட்டுக்கலாமே. நீங்க என்ன பண்ணேள், அதைச் சொல்லுங்கோ.”

“டீமா சேர்ந்து பண்ணோம் சார்.”

“டீமுக்கா பதிவு கேக்கறேள்?”

கட்டடப் பொறியாளர்கள் சில வருடம் வேலை பார்த்தபின், தங்கள் வரைபடத்தில் தாங்களே கையெழுத்திடும் உரிமைக்காகப் பதிவு கேட்கிறார்கள். வேலையை நேரில் அறிந்த மூத்த பொறியாளர்கள் இருவர் அதற்குச் சான்று தர வேண்டும். மூத்தவர்கள் பொதுவாக நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி சாப்பிடச் சொல்வார்கள். பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற யதிராஜன், காபியை மட்டும் உடனே கொடுத்துவிடுவார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் அவர் வீடு. மாடியில் நான் குடியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் உட்காருமுன் அவர் மண்டபத்தின் கூரையை நிமிர்ந்து பார்ப்பார். இலையை அப்புறம்தான் பார்ப்பார். புதுமனைப் புகுவிழாக்களில் சுவரை விரல்முட்டியால் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். இதனால் சில வீடுகளிலிருந்து அழைப்பு வருவதில்லை.

“என்னைப் பத்தி ஒரு கடுதாசி கேட்டுப் பாருங்கோ,” என்பார் அவர் மனைவி வத்ஸலா மாமி. “‘இவாளை எனக்கு நாற்பது வருஷமாத் தெரியும். மேற்கொண்டு விசாரித்துக்கொள்ளவும்’னு எழுதுவார்.”

மறுக்க வேண்டிய இடம் இது. அவர் மறுப்பதில்லை.

கடிதம் எழுதுமுன் விண்ணப்பதாரரின் வேலையிடத்துக்குப் போவது அவர் வழக்கம். என் ஸ்கூட்டரில்தான் போவார். போய், பால்கனியைக் காட்டி, “கம்பியெல்லாம் மேல இருக்கே, கீழ இறக்கச் சொல்லுங்கோ,” என்பார். சுவரைத் தாண்டி நீளும் பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். இறக்கினால் ஒருநாள் பால்கனியே இறங்கிவிடும். மேஸ்திரியிடம் எதையும் தொடாதே என்று முன்பே சொல்லி வைத்திருப்பார். கடிதம் வேண்டியவர்களில் பலர், “சரி சார்,” என்பார்கள். அவர்களுக்கு, ‘மரியாதை தெரிந்தவர்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார். அதை யாரும் எங்கும் சமர்ப்பித்ததாகத் தெரியவில்லை.

நாளடைவில் இந்தப் பரீட்சை விஷயம் திருச்சி முழுக்கப் பரவியது. பிரவீன்ராஜின் வேலையிடத்துக்குப் போனபோது கம்பி உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. “தூக்கிக் கட்டச் சொல்லுங்கோ,” என்றார் யதிராஜன். பிரவீன்ராஜ் நிமிர்ந்து பார்க்காமலே, “முடியாது சார். அது தப்பு,” என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

கம்பியைத் தானே நின்று தூக்கிக் கட்டவைத்துவிட்டு, ‘துணிச்சலானவர்’ என்று யதிராஜன் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

அடுத்து வந்தவர் தேவதர்ஷினி. அவர் போடும் கட்டடக் கணக்குகளில் இன்றுவரை முதலாளிதான் கையெழுத்திடுகிறார். பதிவு கிடைத்தால் தனி அலுவலகம் திறக்கலாம். போன தடவை ‘சிறந்த’, ‘அயராத’ வகைச் சான்றால் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை இன்னொரு பொறியாளரின் சான்று தயார். யதிராஜனுடையது, நாங்கள் வேலையிடத்துக்குப் போன அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம் முதலாளியின் கையெழுத்துதான்.

பொன்மலையில் ஒரு மாடிவீடு. வாசலில் கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு நின்றது. யதிராஜன் முதலில் தனியாக மாடிக்குப் போய் முன்பக்கப் பால்கனியைப் பார்த்துவிட்டு வந்தார். “அப்பழுக்கில்லை,” என்று என் காதில் சொன்னார். பிறகு தேவதர்ஷினியைக் கூப்பிட்டார்.

“முன்பக்கம் கம்பி தாழ்ந்திருக்கும்மா. தூக்கிக் கட்டச் சொல்லுங்கோ.”

தேவதர்ஷினி அவர் முகத்தைப் பார்த்தார். எதிர்த்துப் பேசு என்று பாதிப் பேரும், தலையாட்டிவிடு என்று மீதிப் பேரும் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“பாத்துட்டுச் சொல்றேன் சார்,” என்று மாடிப்படி ஏறிப் போனார்.

போனவர் வரவில்லை. யதிராஜன் வெயிலில் நின்றார். கம்பி கட்டும் நல்லதம்பி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “நிழலுக்கு வாங்கய்யா. அவங்க பாக்க ஆரம்பிச்சா லேசுல முடியாது,” என்றார். லாரி ஓட்டுநர் ஜெகபர் சாதிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“மேடம், உள்ள சுத்துறது பாயசம் இல்ல. இறுகிடும்.”

“தெரியும்ணே. இருங்க.”

கைப்பிடி இல்லாத படியில் தேவதர்ஷினி பாதிவரை இறங்கி வந்தார்.

“முன்பக்கம் சரியாத்தான் இருக்கு சார். பின்பக்கம்தான் தாழ்ந்திருக்கு. கான்கிரீட் குழாயை இழுத்துட்டுப் போறப்ப மிதிச்சிருக்காங்க.”

“பின்பக்கமா?” என்றார் யதிராஜன். விடை தெரியாமல் அவர் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் மேலே போனார். நானும் போனேன். பின்பக்கப் பால்கனியின் கம்பிகள் ஆள் படுத்தெழுந்த கயிற்றுக்கட்டில்போல் நடுவில் தொய்ந்திருந்தன. தேவதர்ஷினி ஓரத்து அடைப்புப் பலகையிலிருந்து எதிர்ப்பக்கப் பலகைக்கு நூல் இழுத்து, நூலிலிருந்து எவ்வளவு கீழே கம்பி நிற்க வேண்டும் என்று அளக்கப் பார்த்தார். நல்லதம்பி இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நூலின் மறுமுனைக்கு ஆள் இல்லை. கீழே ஜெகபர் சாதிக் ஹாரனை அடித்தார்.

“அடிக்கட்டும்,” என்றார் தேவதர்ஷினி. கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டினார். “யாராவது இந்த முனையைப் புடிங்க.”

நான் நகர்வதற்குள் யதிராஜன் அதை வாங்கிக்கொண்டார். செருப்பை உதறிவிட்டு, கம்பியை மிதிக்காமல் ஓரமாகவே போய்க் குந்தி உட்கார்ந்து, நூலைப் பலகை விளிம்பில் கட்டை விரலால் அழுத்தினார்.

“தளருது. இன்னும் இழுத்துப் புடிங்க,” என்றார் தேவதர்ஷினி, நிமிராமல்.

“சரி மேடம்,” என்று யதிராஜன் இழுத்துப் பிடித்தார்.