அம்மா ஒற்றைப்படை, அப்பா இரட்டைப்படை

எனக்குக் கணக்கு நன்றாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச ஆள் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று நன்றாக வந்துதானே ஆகவேண்டும்.

பாசிர் கூடாங்கில் அடுக்குமாடி வீடு, ஐந்தாவது மாடி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. அம்மா கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகுதான் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து படுப்பார். நான் பள்ளி விட்டு வந்து, அவர் தூக்கம் கலையாமல் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தையும் ஓசைப்படாமல் செய்வேன். மாலை ஆறு மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். அம்மா வர ஏழரை ஆகும். இடையில் ஒன்றரை மணி நேரம் முழு வீடும் எனக்கே எனக்கு. அந்த நேரத்தை அடியோடு வெறுத்தேன். மேலே சுழலும் காற்றாடியோடுகூடப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஓய்வு நாளிலும், அம்மா வர நேரமாகும் என்று அப்பா வெளியே போய்விடுவார், அப்பா தூங்கட்டும் என்று அம்மா கோயிலுக்குப் போய்விடுவார். வேலை நேரம் அப்படி, வேறென்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாம் ஆண்டில் டீச்சர் ஒரு பிரச்சனைக் கணக்கு கொடுத்தார். மணி ஒன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கிறது, இன்னொன்று ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை. இப்போது சேர்ந்து அடித்தால் மறுபடி எப்போது சேரும்? பன்னிரண்டு நிமிடத்தில் என்று முதலில் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு உட்காரும்போதே வீட்டு ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. அம்மாவுக்கு ஆறு நாளுக்கு ஒரு நாள். அப்படியானால் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம்! எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு ஓடி வந்து, குதிரைப் படம் போட்ட காலண்டரில் வட்டம் போட்டேன். அப்பாவுக்குச் சிவப்பு: நான்கு, எட்டு, பன்னிரண்டு. அம்மாவுக்கு நீலம்: மூன்று, ஒன்பது, பதினைந்து. மாதம் முடிந்தும் சிவப்பும் நீலமும் சேரவே இல்லை. அடுத்த தாளிலும் அதே கதை. டீச்சரின் மணிகள் ஒன்றாகப் புறப்பட்டவை. இவர்கள் அப்படியில்லை. இப்படியே போனால் நான் கிழவியானாலும் சேர மாட்டார்கள்.

அழுதேன். அழுது முடித்ததும் வழி தெரிந்தது. அம்மாவின் ஓய்வை ஒரே ஒரு நாள் தள்ளினால் போதும். நான்காம் தேதி, பதினாறு, இருபத்தெட்டு என்று மாதத்தில் மூன்று நாள் கிடைத்துவிடும்.

எழுதிக் காட்டிய தாளை அம்மா நெடுநேரம் பார்த்தார். "கணக்கு சரிதான்மா. சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டாருலா."

மறுநாள் அப்பாவிடம் காட்டினேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டாராம்."

அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப விட்டுடு."

நான் விடுவேனா? சூப்பர்வைசருக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதினேன். வட்டங்களோடு அட்டவணையும் சேர்த்து, கீழ்மாடி ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். அவரும் அம்மாவும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள்.

படித்துவிட்டு ஆன்ட்டி வாயில் கை வைத்தார். "அலமாக்! முன்ன ரெண்டு பேருக்கும் சில நாள் ஒண்ணாத்தான் ஓஃப் வந்துச்சு. ஒங்கம்மாதானே போய்க் கேட்டு மாத்திக்கிட்டாங்க?" பிறகு என்ன நினைத்தாரோ, சட்டென்று பேச்சை நிறுத்தி, ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து நீட்டினார்.

மாடிப்படி ஏறும்போது எனக்கு அம்மாமேல் இரக்கம் பொங்கியது. நன்றாக இருந்த நாளைப் போய் மாற்றியிருக்கிறாரே! பாவம், அம்மாவுக்குக் கணக்கு வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சூப்பர்வைசர்மேல் பழியைப் போடுகிறார்.

அன்று மாலை அந்த ஒன்றரை மணி நேரம் தனியாக இருந்ததே தெரியவில்லை. பெரிய தாள் எடுத்து, அம்மாவுக்கும் புரியும்படி ஒவ்வொரு படியையும் கொட்டை எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். வேலை விட்டு வந்த அம்மா தண்ணீர் எடுக்கப் போய், அதன் முன் அப்படியே நின்றார். புரியட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.