முடியும் என்று எழுதத் தெரியாதவன்

என் இங்கிலீஷை மச்சான் ஒரே ஒரு முறைதான் முழுதாகக் கேட்டிருக்கிறார். எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் குந்தியபடி, கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே கேட்டார். நான் அவர் பக்கத்தில் நின்று, மாதா கோயிலில் வேதம் வாசிக்கிற உபதேசியாரைப்போல நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு பக்கத் தாளையும் வாசித்தேன். ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் கத்தியை நிறுத்தித் தலையாட்டினார். முடித்ததும், “தகரத்துல மழ விழுகுற மாதிரி இருக்கு மாப்ளே” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எதைச் சொன்னாலும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் திறமை அந்த வயதில் எனக்கு நிறையவே இருந்தது.

மச்சான் என் அக்காவின் புருசன். ஹட்டனுக்கு மேலே, எப்போதும் பனி மூடிக் கிடக்கும் எங்கள் தோட்டத்தில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. கத்தியை ஒரே இழுப்பில் சாய்வாக இழுப்பார். பட்டை கிழியாது, வெட்டுவாயில் மழைத் தண்ணீர் தங்காது. புதிதாக வேலைக்கு வந்தவர்களைக் கங்காணி அவர் வெட்டிய நிரைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். முடியாது என்ற சொல் மச்சான் வாயில் வந்து நான் கேட்டதில்லை. காய்ச்சலோடும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். கூரைத் தகரம் பறந்தால் தானே ஏறி அடிப்பார். அக்கா திட்டுவதைக்கூட முழுதாகக் கேட்டு முடிக்க அவரால் முடிந்தது. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது கைவந்ததில்லை.

நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் போட்ட குட்டுகளின் தயவால், திறமையைச் சொல்லும் சொற்களை வாய்ப்பாடாக வைத்திருந்தேன். ஏபிள் வந்தால் பின்னால் டு வரவேண்டும். கேபபிள் வந்தால் ஒஃப். குட் வந்தால் அட். ஆனால் தோட்டத்தில் இவற்றைத் தலைகீழாக்கித்தான் பிழைப்பு நடத்த வேண்டியிருந்தது. துரைக்கு மனு எழுதும் வழக்கம் அப்படி. லீவு, லயத்துக்குச் சுண்ணாம்பு, பிள்ளைக்காரிக்கு இலேசான வேலை, எது வேண்டுமானாலும் இயலாமையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். முடியும் என்று எழுதினால் வேலை கூடும். முடியாது என்று எழுதினால் சில வேளை மனம் இரங்கும். ஆகவே நொட் ஏபிள் டு, இன்கேபபிள் ஒஃப் இரண்டையும் வைத்துக்கொண்டு தோட்டம் முழுவதற்கும் அழுதேன். கை கால் நன்றாக இருந்தவர்களை முடமாக்கினேன். என் மனு போனால் பாதிக்காவது பலன் இருந்தது. கூலியாக முட்டையும் முருங்கைக்கீரையும் வந்தன. முடியாது கிளாக்கர் என்று பட்டப்பெயரும் வந்தது. குட் அட் மட்டும் ஒரு நாளும் வேலைக்குக் கூப்பிடப்படாமல் கிடந்தது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம், நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றார்கள். பிறகு, குடியுரிமை வேண்டுமானால் விண்ணப்பம் போட்டுக் கேளுங்கள் என்றார்கள். அக்காவும் பிள்ளைகளும் மச்சானின் விண்ணப்பத்துக்குள் அடக்கம். அவருக்குக் கிடைத்தால் எல்லாருக்கும் கிடைக்கும். விண்ணப்பப் பாரத்தோடு, அவருடைய நிலைமையைச் சொல்லும் தாள் ஒன்றையும் சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு. பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் படித்துப் பார்க்கிற மனிதர். தானே எழுதித் தருவதாகச் சொன்னார். என் விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பினார். மச்சானுடையதை மட்டும் நான் விடவில்லை. சொந்த மச்சானுக்கு இன்னொருவர் இங்கிலீஷ் எழுதுவதா? மூன்று நாள் உட்கார்ந்து, வாழ்நாளின் மிகச் சிறந்த மனுவை எழுதினேன். மனுதாரர் வருமானமற்ற ஏழை. குடும்பத்தைத் தாங்க வலுவில்லாதவர். வேறு தொழில் செய்யத் திறனற்றவர். இந்தியாவில் ஒருவருமில்லை, இங்கேயும் அரசாங்கத்தின் கருணையைத் தவிர வேறு துணையில்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதற்குரிய இடைச்சொல் பிசகாமல் நின்றது. மச்சான் கத்தி தீட்டிக்கொண்டே கேட்டது இதைத்தான்.

விசாரணைக்கு ஓலை வர நாலைந்து வருடம் ஆகிவிட்டது. ஹட்டனில் ஒரு கட்டடத்தில் அதிகாரியும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்லும் தொரபாசியும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். என்னை உள்ளே விடவில்லை. வெளி வராந்தாவில் நின்றேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டார். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

“ஒரு வருமானமும் இல்லாதவன், குடும்பத்தக் காப்பாத்த முடியாதவன்னு பேப்பர்ல இருக்கே, அது உண்மையான்னு தொரபாசி கேட்டாரு மாப்ளே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உண்மைதான்னு சொன்னேன். பின்ன என்ன, என் மாப்ள எழுதுனது பொய்யின்னா சொல்லுவேன்? ஒன் வேலைக்கில்ல ஆபத்து.”

அதைச் சொல்லும்போது கோட்டைக் கழற்றி, சுருக்கம் விழாமல் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பத்துப் பேர் வேலையைத் தனியாகச் செய்கிற மனிதர், தன்னால் ஒன்றும் முடியாது என்று அரசாங்கத்தின் முன்னால் ஒத்துக்கொண்டு வந்திருந்தார், என்னைக் காப்பாற்றுவதற்காக. பஸ் வரும்வரை சாயபு கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். என்னுடையதையும் அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் இரண்டு குடித்தார்.

நிராகரித்த கடிதம் வந்த அன்று அதைப் பெரிய கிளாக்கரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் மனுவின் நகலையும் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். “சட்டம் கேக்கிறது ஒண்டுதான் தம்பி. தன்ரை குடும்பத்தைத் தானே பாக்க ஏலுமோ எண்டு. நீர் ரெண்டு பக்கத்துக்கு ஏலாது எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்” என்றார். பிறகு, என்னை ஆறுதல்படுத்த நினைத்தாரோ என்னவோ, இங்கிலீஷில் ஒரு பிழையும் இல்லை என்றார். அதே மாதத்தில் என் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கடிதம் வந்தது. நிரந்தர வருமானமுள்ளவர், தன்னைத் தானே பராமரிக்க வல்லவர் என்று பெரிய கிளாக்கர் என்னைப்பற்றி நான்கே வரி எழுதியிருந்தார். அப்போதும் நான் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மேல்முறையீடு போட்டோம். அதுவும் தள்ளுபடி. அதைப் பெரிய கிளாக்கரே எழுதினார். ஆனால் மச்சான் தன் வாயால் ஒத்துக்கொண்டது கோப்பில் ஏறிவிட்டது. பத்து வருடம், நாடில்லாத மனிதராகவே மலை மலையாகக் கவ்வாத்து வெட்டினார். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஆளுக்கு இத்தனை பேர் என்று எங்களைப் பங்குபோட்டுக் கையெழுத்து வைத்த பிறகு, முதலில் இந்தியாவுக்குப் போனவர்களில் அக்கா குடும்பமும் இருந்தது. அக்கா என்னோடு பேசாமலே ரயில் ஏறினாள். மச்சான்தான் சன்னலால் கையை நீட்டி என் தோளைத் தொட்டு, “நீயாவது இங்க இருக்கியே மாப்ளே, அது போதும்” என்றார். என்னை ஏசியிருந்தால் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்கமாட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்கா யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் வந்தது. திருச்சிப் பக்கத்தில் சொந்தம் என்று எவரும் ஏற்கவில்லையாம். நீலகிரிக்குப் போய், மச்சான் ரோட்டுக்குக் கல் உடைக்கிறாராம். அங்கே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. முன்னே செய்த வேலைக்குத் தாள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒரு இங்கிலீஷ் தாள் எழுதி அனுப்பு என்றிருந்தது. அன்றுதான் முதன்முதலாக குட் அட் எழுதினேன். கவ்வாத்து வெட்டுவதில் தேர்ந்தவர், ஐம்பது பேரை நடத்த வல்லவர், எந்தச் சரிவிலும் நின்று வேலை செய்ய முடிந்தவர். எழுதிய அத்தனையும் சத்தியம். துரையிடம் கையெழுத்தும் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் தீபாவளிக்கு வந்தது. மச்சான் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்றில் வாசலோடு சரி. நாலாவதில் மானேசர் முழுதாகப் படித்துவிட்டு, ரொம்பச் சந்தோசப்பட்டு, இதை எழுதினவன் எங்கே இருக்கிறான், வருவானா, ஆபீசில் ஒரு இடம் காலி என்று கேட்டாராம். கவ்வாத்துக்கு ஆள் போதுமாம். அதை மச்சான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று அக்கா எழுதுவித்திருந்தாள். மறுநாளும் கல் உடைக்கத்தான் போனாராம். அந்த வேலைக்கு யாரும் தாள் கேட்கவில்லை.