நான் சொல்லாமல் விட்ட கருகல் வாசனை

கல்லூரியில் ஜெர்மன் மொழியும் மேலாண்மையும் படிக்கிறேன். ஒரு மாதப் பயிற்சிக்காகக் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சாமை ஆலையில் சேர்ந்திருந்தேன். புது மிஷினைச் சரிபார்க்க ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். அவருக்கும் ஆலையில் இருப்பவர்களுக்கும் நடுவே பேச்சை மொழிபெயர்ப்பது என் வேலை.

மிஷினை ஓட்டும் சின்னப்பொண்ணு அக்கா மலையூர்க்காரர். என் அருகில் வந்து, "பாப்பா, காலைல இருந்து கருகுற வாசன வந்துக்கினே கீது. அவர்கிட்ட சொல்லு" என்றார். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் முன்னால் குறை சொன்னால் முதலாளி என்ன நினைப்பாரோ என்று பயந்து, "எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

அதை நம்பி அக்கா மறுபடி மிஷினிடம் போனார். கொஞ்ச நேரத்தில் பெல்ட்டிலிருந்து புகை கிளம்பி, கீழே கிடந்த உமி பற்றிக்கொண்டது. அக்காவின் புடவைக்கும் தீக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கத்த வாய் திறந்தேன். எந்த மொழியும் வரவில்லை. பொறியாளர் பாய்ந்து அக்காவைப் பின்னால் இழுத்து, மிஷினை நிறுத்தினார். மற்றவர்கள் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார்கள்.

இருமிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டார்: "நீதான் சொன்னியே பாப்பா, அந்தாளு ஏன் கண்டுக்கவே இல்ல?"

தீயைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன். அழுதுகொண்டே இருவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் ஒரு வார்த்தைகூட விடாமல் மொழிபெயர்த்துவிட்டுத்தான், "சொல்லிட்டேங்க" என்கிறேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கருகல் வாசனை அடிக்கிறது.